பெயர்ப்பலகை இல்லாத அறை

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மதுக்கடைக்கு வழி கேட்கத் தேவை இருப்பதில்லை. பகல் 12 மணிக்குத் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும் என்பது குடிக்காதவர்களுக்கும் தெரியும். அதே ஊரில், சில நேரம் அதே சாலையில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு வகுப்பறையில் மாலை 7 மணிக்கு டியூப்லைட் எரியும். பத்துப் பதினைந்து பேர், குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, இன்றைக்கு எப்படிக் குடிக்காமல் இருந்தோம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூன்று தெரு தள்ளி, தினமும் காலையில் "இனிமேல் தொட மாட்டேன்" என்று சொல்லி மாலையில் தொட்டுவிடுகிற ஒருவருக்கு, இப்படி ஓர் அறை இருப்பதே பல ஆண்டுகளாகத் தெரியாமல் போயிருக்கலாம்.

பலகை வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் இது கொள்கை. பெயரைச் சொல்லாதே, விளம்பரம் தேடாதே, வெளியாரிடம் பணம் வாங்காதே. உள்ளே வந்தவருக்கு இந்த விதிகள்தான் பாதுகாப்பு. வெளியே தேடி அலைபவருக்கு இவைதான் சுவர். குடியை நிறுத்த நினைக்கும் ஒருவர், அல்லது அவருக்காக வீட்டில் ஒருவர், அந்த அறையைக் கண்டுபிடித்து உள்ளே போய் உட்கார வேண்டுமென்றால், இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது உதவும்.

ஓட்டல் முகப்பில் நின்ற மனிதர்

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டயர் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், வந்த காரியம் கெட்டுப்போய், கையில் காசில்லாமல் ஓட்டல் முகப்பில் நின்றுகொண்டிருந்தார். முந்தைய டிசம்பரில்தான் குடியை விட்டிருந்தார். ஐந்து மாதம் ஆகியிருந்தது. முகப்பின் ஒரு பக்கம் மதுக்கூடம், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தொலைபேசி, அதன் அருகே அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசிப் பக்கம் போனார்.

அவர் கேட்டது விசித்திரமான உதவி. தன்னைக் காப்பாற்ற யாராவது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தான் பேசி உதவுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். நியூயார்க்கில் பல குடிகாரர்களிடம் பேசிப் பார்த்திருந்தார். அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் பேசிய நாட்களில் அவர் குடிக்கவில்லை. அந்தச் சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. அழைப்புகள் கை மாறி, மே 12 ஞாயிற்றுக்கிழமை மாலை பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. கைநடுக்கத்தோடு வந்த மருத்துவர் கால்மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றார். பேச்சு முடிய ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. இதற்கு முன் அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். தன் சொந்தக் கதையைச் சொன்னவர் இவர்தான் முதல்.

அதன்பிறகும் மருத்துவர் ஒருமுறை சறுக்கினார். மருத்துவ மாநாட்டுக்கென்று வெளியூர் போனவர் நினைவில்லாத நிலையில் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அதைத்தான். பெரும்பாலான இயக்கங்கள் ஒரு தலைவரின் வெற்றி நாளைக் கொண்டாடும். இவர்கள் கொண்டாடுவது ஒரு நிறுவனர் தடுமாறி எழுந்த நாளை. இன்றைக்கும் கூட்டங்களில் சறுக்கியவரை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை என்பதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரைச் சொல்லாத வழக்கம் முதலில் பயத்தால் வந்தது. குடிகாரர் என்று தெரிந்தால் வேலை போகும் காலம் அது. பிறகு அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. யாரும் இந்த இயக்கத்தின் முகமாக ஆகக்கூடாது. முகமானவர் நாளைக்குக் குடித்தால் இயக்கமே விழும். இவர்களுக்கு முன்னால், 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டனியன் இயக்கம் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துவிட்டுச் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோயிருந்தது. மதுவிலக்கு அரசியலுக்குள் இழுபட்டதும் பிளவுகளும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்தப் பாடத்தை ஏ.ஏ. பிடித்துக்கொண்டது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஏ.ஏ.விடம் கேட்டால் கருத்து இல்லை என்பதே பதில். 1937இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது முதல் இன்றுவரை ஒவ்வொரு தேர்தலிலும் மதுவைப் பற்றிப் பேசும் மாநிலத்தில், மதுவால் மிகவும் அடிபட்டவர்கள் கூடும் அறையில் மட்டும் அந்தப் பேச்சு இல்லை.

பணத்திலும் இதே கறார். 1930களின் இறுதியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் நிதி கேட்டுப் போனார்கள். அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்து, இதற்கு மேல் பணம் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்ற எண்ணத்தில் நிறுத்திக்கொண்டார். ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் பின்னாளில் அதையே விதியாக்கினார்கள். குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும், 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளின்படி, குழுக்கள் வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை. உறுப்பினர் கட்டணமும் இல்லை. கூட்டத்தின் முடிவில் சுற்றிவரும் பையில் முடிந்தவர் பத்தோ இருபதோ போடுவார்; அறை வாடகையும் தேநீரும் அதிலிருந்துதான். விளம்பரத்துக்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. ஆகவே பலகை இல்லை.

இங்கே வந்து சேர்ந்த வழி

இந்தியாவில் ஏ.ஏ. வேர்பிடித்தது 1957இல், மும்பையில். பிறகு சென்னை உட்படப் பிற நகரங்களுக்கும் பரவியது. சென்னையில் இந்த விஷயத்துக்கு வேறொரு ஊற்றும் உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று சென்னைவாசிகள் சொல்வது இதைத்தான். குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் ஆலோசனை, கிராமங்களில் முகாம், சிகிச்சைக்குப் பின் ஏ.ஏ. கூட்டத்தோடு தொடர்பு என்ற பாதையை இங்கே பலருக்குக் காட்டியது அது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சொற்களும் மெல்ல மாறின. தமிழில் குடிகாரன் என்பது வசை; மொடாக்குடியன் இன்னும் மோசம். இந்த அறைகளில் புழங்கும் சொல் குடிநோயாளி. நோய் என்று சொல்லிப் பழியிலிருந்து தப்பிக்கிறார்கள் என்று சிலர் எரிச்சல்படுவதைக் கேட்டிருக்கிறேன். சர்க்கரை நோயாளியிடம் யாரும் "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வதில்லை. ஆனால் மாத்திரை போடும் பொறுப்பு அவருடையதுதானே. குடிநோயாளி என்ற சொல் செய்வதும் அதுவே. நோய் வந்ததற்குக் குற்றவாளியாக்காது, சிகிச்சைக்குப் பொறுப்பாளியாக்கும்.

எவ்வளவு பேருக்கு இது தேவைப்படுகிறது? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மேல் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். மீதி 37 பேர் எங்கே போகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: கோயிலுக்கு, நாட்டுமருந்துக்கு, பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்யும் சத்தியத்துக்கு.

முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி அதை அடக்கவே குடிப்பவர், "இன்றோடு நிறுத்துகிறேன்" என்று வீட்டுக்குள் படுத்துவிடுவது ஆபத்து. மூளை மதுவுக்குப் பழகிப்போயிருக்கிறது; திடீரென்று அது நின்றால், நரம்புகள் கடிவாளம் அறுந்த குதிரைபோல ஆகும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர் பிதற்றுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இறந்துபோனவர்களோடு பேசுவார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போய்விடுகிறோம். அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரநிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை உண்டு. சில நாட்கள் மருந்தோடு, வைட்டமின் பி1 ஊசியோடு கடந்துவிடலாம். கூட்டத்தில் உள்ள மூத்த உறுப்பினர்களே, நடுங்கிக்கொண்டு வரும் புதியவரைப் பார்த்தால், "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், திரும்பி வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரொட்டியிலும் கைபேசியிலும் வரும் பொடிகள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்தே, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்குப் பக்கத்தில் வரும் காரியம். பொடியில் இருப்பது டைசல்ஃபிரம்தானா என்பதும் தெரியாது.

வீட்டாரின் அவசரத்தில் நடக்கும் மூன்றாவது தவறு, நள்ளிரவில் வேன் வைத்து ஆளைத் தூக்கிக்கொண்டுபோகும் மையங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடிப்பதும் கட்டிவைப்பதும் குற்றம். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சான்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் வேறெதையும் கேட்க வேண்டியதில்லை.

தேடும் வழிகள்

எளிதான தொடக்கம் தொலைபேசி. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். இரண்டிலும் அருகில் உள்ள சிகிச்சை மையத்தைக் கேட்கலாம். ஏ.ஏ.வுக்கு இந்திய அளவில் இணையதளம் இருக்கிறது. நகரவாரியாகக் கூட்டங்களின் பட்டியலும் உதவி எண்ணும் கிடைக்கும். அந்த உதவி எண்ணில் பேசுபவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியராக இருக்க மாட்டார். ஒரு காலத்தில் அதே எண்ணைத் தேடியவராகத்தான் இருப்பார். "ஐயா, என் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினாலும் சரி, "என் நண்பர் ஒருவருக்கு" என்று சுற்றி வளைத்தாலும் சரி, அவருக்கு இரண்டும் பழகிய வாசகங்கள்.

பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். பள்ளித் தேர்வுக் காலத்தில் அறை மாறும். திருவிழாவுக்கு நேரம் மாறும். சிறிய ஊர்களில் ஒருவரின் இடமாறுதலோடு குழுவே நின்றுபோவதும் உண்டு. போகும் நாளன்று ஒருமுறை அழைத்து உறுதிசெய்துகொள்வது நல்லது. அப்படி அழைத்தால் இன்னொரு நன்மை: "பஸ் நிறுத்தத்தில் இறங்கி நில்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிடுவார்கள்.

எண் எதுவும் கிடைக்காத ஊரில், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரையோ ஆற்றுப்படுத்துநரையோ கேளுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். தேவாலய அலுவலகத்திலும் கேட்கலாம். மாலையில் காலியாகக் கிடக்கும் அறையைக் குறைந்த வாடகைக்குத் தருவதால் பல கூட்டங்கள் தேவாலய வளாகங்களிலும் அவற்றைச் சேர்ந்த பள்ளிகளிலும் நடக்கின்றன. மதம் மாற்றுகிறார்களோ என்று தயங்குபவர்கள் உண்டு. தேவாலயத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவு, வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள உறவு மட்டுமே. ஊரில் குழுவே இல்லையென்றால் இணையவழிக் கூட்டம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் கட்டாயத்தால் பெருகியவை, பிறகும் தொடர்கின்றன. வளைகுடா நாடுகளில் தனியறையில் இருக்கும் தமிழர்களுக்கு அது ஒரு வரம். ஆனால் முடிந்தவர்கள் நேரில் போவதே மேல்; திரையை அணைத்துவிட்டு எழுந்து போவது சுலபம்.

முதல் மாலை

கூட்டம் இரு வகை. மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள், ஆர்வலர்கள் யாரும் வரலாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்தது திறந்த கூட்டங்களில்தான். அங்கே கேட்ட யாருடைய கதையையும் இங்கே எழுதப் போவதில்லை; கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அறையின் விதி. எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவானதை மட்டும் சொல்கிறேன்.

வாசலில் ஒருவர் கைகுலுக்குவார். பெயர் கேட்டால் முதல் பெயர் போதும். அதுவும் உண்மைப் பெயர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. பதிவேடு இல்லை, கையெழுத்து இல்லை, ஆதார் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. குடித்துவிட்டு வந்தவரைக்கூடப் பெரும்பாலும் உள்ளே உட்காரவைத்து, இன்று பேசாமல் கேளுங்கள் என்பார்கள்.

ஒரு சிறு மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை. ஒருவர் முன்னால் அமர்ந்து நடத்துவார். அடுத்த முறை வேறொருவர். பிறகு ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, ஐந்து பத்து நிமிடம் பேசுவார்கள். எப்படி இருந்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம். இதைப் பகிர்வு என்கிறார்கள். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் அறிவுரை சொல்லக் கூடாது. நம் ஊரில் இது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள். குடிப்பவர் வாயைத் திறந்தாலே அம்மா, மாமா, மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோரும் புத்தி சொல்லும் சமூகத்தில், பத்து நிமிடம் யாரும் குறுக்கே வராத ஒரு நாற்காலி.

முதல் நாள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முதல் நாளில் பெரும்பாலானவர்கள் செய்யும் வேலை ஒப்பிடுவது: நான் இவ்வளவு மோசம் இல்லை, நான் வேலையை இழக்கவில்லை, நான் நல்ல சரக்குதான் குடிப்பேன். மூத்தவர்கள் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். இரண்டாவது மூன்றாவது கூட்டத்தில் யாரோ ஒருவர், பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தன் வீட்டு அரிசிப் பானை ஞாபகம் வர, புதியவரும் சிரித்துவிடுவார். வெளியில் அவமானமாக இருந்தது இங்கே சிரிப்பாகிறது. இந்த அறைகளில் இவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சத்தியமும் இருபத்துநான்கு மணி நேரமும்

தமிழ்நாட்டில் குடியை விட ஏற்கெனவே ஒரு மரபு இருக்கிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது, மாலை போட்டு விரதம் இருப்பது. இவற்றைக் கேலி செய்யத் தேவையில்லை. கார்த்திகை மாதத்தில் மாலை போட்ட ஒருவர் 41 நாள் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரால் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம்.

விரதத்தில் அவரைத் தாங்கியது தெய்வ பயம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். கறுப்பு வேட்டி கட்டியவரை ஊரே "சாமி" என்று அழைக்கிறது. நண்பர்கள் குடிக்கக் கூப்பிடுவதில்லை. கூடவே மாலை போட்ட நாலு பேர் மாலையில் பஜனைக்குக் கூடுகிறார்கள். அதாவது ஒரு குழு இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, முடியும் தேதி இருக்கிறது. சத்தியத்தில் இது எதுவும் இல்லை. "ஆயுசுக்கும் தொட மாட்டேன்" என்பதை ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டும். ஆயுள் என்பது பெரிய சுமை. ஒருமுறை தவறினால் சத்தியம் உடைந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற குற்றவுணர்வு வருகிறது. அதை மறக்க மறுபடியும் குடி.

ஏ.ஏ. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. ஆயுளைக் கேட்பதில்லை, இன்றைய நாளை மட்டும் கேட்கிறது. இன்று முதல் மடக்கைத் தொடாதே. நாளைக்கு நாளை பார்க்கலாம். பதினைந்து ஆண்டு குடிக்காமல் இருப்பவரும் "இன்றைக்குக் குடிக்கவில்லை" என்றே சொல்வார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நாலும் ஆளைத் தள்ளிவிடும் என்பதால் அவை வரும்போது எச்சரிக்கையாக இரு என்பார்கள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, பசியோடும் களைப்போடும் கடை வழியாக நடந்து வருபவருக்கு இது தத்துவம் இல்லை, பாதை வரைபடம்.

கடவுள் பேச்சு சிலரைத் துரத்திவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.ஏ. உறுப்பினர்கள் குடியிலிருந்து மீளப் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் தனக்கு மேலான ஒரு சக்தியை நம்புவது வருகிறது. அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சலுகையும் கூடவே வருகிறது. பெரியார் பேசிய மண்ணில் இது இடிக்கும்தான். எனக்கு மேலான சக்தி இந்த அறையில் இருக்கும் பதினைந்து பேர்தான் என்று சொல்லிவிட்டு இருபது ஆண்டுகள் வந்துகொண்டிருக்கும் நாத்திகர்களுக்கும் இங்கே இடமுண்டு. அதுவும் ஒட்டாதவர்களுக்கு, 1994இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவான ஸ்மார்ட் ரிகவரி போல, படிகளும் பிரார்த்தனையும் இல்லாத குழுக்களின் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஜப்பானில் ஏ.ஏ.வைப் பார்த்துத் தொடங்கிய டான்ஷுகாய் சங்கங்களோ பெயரை மறைப்பதையே விட்டுவிட்டு, மனைவியோடு சேர்ந்து கூட்டத்துக்கு வரும்படி மாற்றிக்கொண்டன. குடும்பம் என்ற கட்டு இறுகிய நம் ஊருக்கு அந்த வடிவம் இன்னும் பொருந்துமோ என்று அவ்வப்போது தோன்றும்.

பெண்களின் நிலைமை மோசம். குடிக்கும் பெண்கள் குறைவு என்பதால் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள். ஆண்கள் மட்டுமே இருப்பதால் வரும் ஒன்றிரண்டு பெண்களும் நின்றுவிடுகிறார்கள். பெயர் வெளியே போகாது என்ற உறுதி ஆணுக்கு வேலையைக் காக்கும். பெண்ணுக்கு அது போதுவதில்லை, அவள் அந்தப் படியேறியதை யாராவது பார்த்தாலே கதை முடிந்தது. பெண்களுக்கான இணையவழிக் கூட்டங்கள் இந்த இடத்தில் மெய்யாகவே உதவுகின்றன. புதியவரை வழிநடத்தும் மூத்த உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள். பெண்ணுக்குப் பெண்ணே ஸ்பான்சராக இருப்பது வழக்கம். அதை மீறி ஓர் ஆண் உறுப்பினர் அக்கறை காட்டினால் விலகிக்கொள்ளலாம், குழுவிலும் சொல்லலாம். ஸ்பான்சர் குருவும் இல்லை, மருத்துவரும் இல்லை. "மனநல மாத்திரையை நிறுத்து, அதுவும் போதைதான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் செய்யக் கூடாது என்பது ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடே.

இதெல்லாம் பலிக்கிறதா? 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏ.ஏ.வோடு முறைப்படி இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில், ஓராண்டில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். மாயமருந்து இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது சாதாரண விஷயமும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது "முறைப்படி இணைக்கும்" என்ற சொற்கள். முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கும், ஓர் ஆலோசகர் விளக்கி, தயாராக்கி, போனீர்களா என்று கேட்டுத் தொடர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பலகை இல்லாத அறைக்கு ஆள்தான் வழிகாட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பவருக்கு

குடிப்பவர் வரமாட்டேன் என்கிறார். மனைவி என்ன செய்வது? அவருக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே காரில் காத்திருந்த மனைவிகளைச் சேர்த்து வளர்த்த முயற்சி 1951இல் அல்-அனான் ஆனது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் 1957இல் வந்தது. சென்னை போன்ற நகரங்களில் அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே கணவரைத் திருத்தும் உத்தி சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அலுவலகத்துக்கு அழைத்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துவது, கடனை அடைத்து அடைத்து அவரைக் காப்பாற்றாமல் இருப்பது, அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தான் சாப்பிடுவது, தூங்குவது. இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டில் அடி விழுகிறது என்றால் கதை வேறு. அதற்குக் கூட்டம் போதாது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

குடிப்பவரை முதல் கூட்டத்துக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள் நேரத்தைப் பாருங்கள். இரவு குடித்துவிட்டு வந்தவரிடம் பேசுவது வீண். மறுநாள் காலை, தலைவலியும் வெட்கமுமாக இருக்கும் ஒரு மணி நேரம்தான் வாசல் திறந்திருக்கும் நேரம். "உங்களைத் திருத்த" என்று சொல்லாமல், "ஒரு தடவை கேட்டுவிட்டு வரலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்" என்று சொன்னால் போதும். திறந்த கூட்டமாகப் பார்த்துக் கூடவே போகலாம். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு குழு. ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு குணம். நகரத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டமும் தமிழில் நடக்கும் கூட்டமும் இரண்டு உலகம். வங்கி அதிகாரியும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே பெஞ்சில் இருப்பதைத் தமிழ்க் கூட்டத்தில்தான் அதிகம் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் வரும். புதியவருக்கு ஒரு துண்டுச்சீட்டில் நாலைந்து கைபேசி எண்களை எழுதிக் கொடுப்பார்கள். குடித்த பிறகு அழைக்காதீர்கள், குடிக்கத் தோன்றும்போது அழையுங்கள் என்பார்கள். முதல் வாரத்தில் பெரும்பாலும் யாரும் அழைப்பதில்லை; சீட்டு சட்டைப்பையில் வியர்வையில் ஊறி, துவைக்கும்போது கூழாகிவிடும். அதனால் மூத்தவர்கள் புதியவரின் எண்ணையும் வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் மாலை ஆறு மணிக்கு, கடையில் கூட்டம் சேரத் தொடங்கும் நேரத்தில், தாங்களே அழைக்கிறார்கள். "சாப்பிட்டீர்களா? எங்கே இருக்கிறீர்கள்? ஏழு மணிக்குக் கூட்டம் இருக்கிறது, நான் அந்த வழியாகத்தான் வருகிறேன்." ஆக்ரன் ஓட்டலில் பில் வில்சன் சுழற்றிய அதே தொலைபேசிதான் அது. இந்த முனையில் பேசுபவருக்கும் அது ஆறு மணிதான்.